எருக்கம்பூவும் பக்கத்து வீட்டுத் தறியும்

சவூதியில் என் வேலை விரிசல் பார்ப்பது. குழாய்களைப் பற்றவைத்த இடத்தில் மயிரிழை அளவுக்கு விரிசல் ஏதும் இருக்கிறதா என்று, கையடக்க உருப்பெருக்கியை வலது கண்ணில் வைத்து, இடது கண்ணை மூடிக்கொண்டு பார்க்க வேண்டும். இருந்தால் சொல்ல வேண்டும். இல்லை என்று சொன்னால் மேலதிகாரி இன்னொரு முறை பார்க்கச் சொல்வார். பிள்ளைகளின் படிப்பும் கல்யாணமும் இந்த ஒரு கண்ணால் நடந்தவை என்று என் மனைவி சொந்தக்காரர்களிடம் சொல்வாள். பெருமையாகச் சொல்கிறாளா, வேறு எப்படியும் சொல்கிறாளா என்று நான் கேட்டுக்கொண்டதில்லை.

வேலையை முடித்துக்கொண்டு பாளையம்பட்டி வீட்டுக்கே வந்து சேர்ந்தபோது எனக்குப் பார்ப்பதற்கு விரிசல் கிடைக்கவில்லை. அதனால் வீட்டில் தேடினேன். சமையலறைச் சுவரில் ஒன்று அகப்பட்டது. அதைக் காட்டப் போன இடத்தில் பருப்பு டப்பா அடுப்புக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பது சரியில்லை என்று பட்டது. அதையும் சொன்னேன். மறுநாள் உப்பு ஜாடியைப் பற்றிச் சொன்னேன். மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நீங்க இல்லாம இந்த வீட்ட எத்தன வருஷம் நடத்திருக்கேன்? அப்பல்லாம் பருப்பு வேகலையா? பெட்டிக்குள்ள அந்தக் கேமரா சும்மாதான கெடக்கு. அதத் தூக்கிக்கிட்டு எங்கயாச்சும் போயி எதையாச்சும் எடுங்க. கல்யாணத்த எடுங்க, கண்மாய எடுங்க. அஸர் தொழுகைக்குத் திரும்பி வந்தாப் போதும்."

என் கலை வாழ்க்கை இப்படித்தான் ஆரம்பித்தது.

கேமரா, என்னோடு அறையில் தங்கியிருந்த ஒரு பிலிப்பைன்ஸ்காரன் ஊருக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போனது. கூடவே, பூச்சி புழுக்களை மிகப் பக்கத்தில் வைத்துப் படமெடுக்கும் ஒரு லென்ஸும் இருந்தது. கல்யாணத்துக்கு அந்த லென்ஸைக் கொண்டுபோனால் மாப்பிள்ளையின் மூக்குத் துவாரத்தைத்தான் எடுக்க முடியும். எனவே செடிகளுக்குப் போனேன்.

முதல் படத்திலேயே பழைய உத்தியோகம் தலையைத் தூக்கிவிட்டது. தும்பைப்பூ ஒன்றை எடுத்திருந்தேன். இதழின் நுனி தெளிவாக இருந்தது. அதற்கு ஒரு நெல் தூரம் பின்னால் இருந்ததெல்லாம் புகை. அவ்வளவு பக்கத்தில் எடுத்தால் அப்படித்தான் விழும் என்று யூடியூபில் ஒருவர் விளக்கினார். அதற்கு வழியும் சொன்னார். கேமராவை அசையாமல் நிறுத்தி, தெளிவு விழும் இடத்தை இம்மி இம்மியாகப் பின்னால் நகர்த்தி, ஒரே பூவை நாற்பது ஐம்பது படம் எடுக்க வேண்டும். பிறகு கம்ப்யூட்டரில் போட்டால், ஒவ்வொரு படத்திலும் தெளிவாக இருக்கும் பகுதியை மட்டும் எடுத்து ஒன்றாகச் சேர்த்து, முன்னிலிருந்து பின்வரை துளி மங்கல் இல்லாத ஒரே படமாகத் தரும். ஃபோகஸ் ஸ்டாக்கிங், அதாவது படங்களை அடுக்குவது என்றார். துளி மங்கல் இல்லாத படம் என்று கேட்டதும் எனக்கு வேறு எதுவும் காதில் ஏறவில்லை. அவர் கடைசியாக, பூ மட்டும் ஆடாமல் இருக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். அது மிகச் சாதாரண நிபந்தனை என்ற தொனியில் சொன்னார். அவர் ஊரில் காற்று இல்லை போலிருக்கிறது.

எங்கள் பக்கத்துக் காற்று மழையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கொண்டுவரும். நான் திருச்சுழி ரோட்டிலும் நரிக்குடிப் பக்கத்துக் கண்மாய்க் கரைகளிலும் மாறி மாறிப் போய்ப் பார்த்தேன். ஆனி முழுக்கக் காற்று. ஆடியில் காற்று, கூடவே மண். தும்பை தலையாட்டிக்கொண்டே இருந்தது. தரையோடு தரையாகப் படர்கிற செடி ஆடாது என்று கணக்குப் போட்டு நெருஞ்சிக்கு வந்தேன். அது ஆடவில்லைதான். ஆனால் அந்த மஞ்சள் பூ சூரியன் போகிற பக்கம் திரும்பிக்கொண்டே இருந்தது. ஒரு அடுக்கு எடுத்து முடிப்பதற்குள் அது வேறு யாரையோ பார்த்துக்கொண்டிருந்தது.

வேகமாக எடுத்தால் முடியும் என்று ஒரு நாள் கண்மாய்க் கரையில் குப்புறப் படுத்தேன். காற்று கொஞ்சம் அடங்கியிருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பாதிப் படங்கள் எடுத்திருப்பேன். தலைக்கு மேலே ஒரு பெண் குரல்.

"ஏங்க, எம்புட்டு நேரமா மண்ணுல கெடக்கீக? நெஞ்சு கிஞ்சு வலிக்கா?"

ஆடு மேய்க்க வந்த அம்மா. கையில் தொரட்டி. இடுப்பில் செருகியிருந்த செல்போனை அதற்குள் கையில் எடுத்துவிட்டார்.

"ஒண்ணுமில்லம்மா. பூவப் படம் எடுக்குறேன்."

"எந்தப் பூவ?"

"நெருஞ்சி."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கேமராவைப் பார்த்தார். "நூத்தியெட்டுக்குப் போனு போடவா?" என்றார்.

எழுந்து நின்று, எனக்கு ஒன்றும் இல்லை, நல்லபடியாக இருக்கிறேன், சவூதியிலிருந்து வந்தவன் என்றெல்லாம் விளக்கினேன். கடைசிச் செய்தி அவருக்கு ஏதோ புரியவைத்தது; முகம் தெளிந்தது. நான் திரும்பிப் பார்த்தபோது அவருடைய வெள்ளாடு ஒன்று என் பூவை, அது இருந்த கொடியோடு சேர்த்து, மென்றுகொண்டிருந்தது.

"ஐயோ, ஆடு!"

"அது நெருஞ்சிதானங்க," என்றார் அவர். "ஒங்களுக்கு இது ஒண்ணுதானா கெடச்சது? கர பூரா கெடக்கே."

அன்றைக்குத் திரும்பி வரும் வழியில்தான் எருக்கைத் தேர்ந்தெடுத்தேன். ஆடு வாய்வைக்காது. சூரியனைத் தேடாது. பறித்துக்கொண்டு வந்தாலும் வெகுநேரம் வாடாது. மெழுகில் செய்ததுபோல அப்படியே நிற்கும். வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டால் காற்றும் இல்லை. ஐந்து இதழ், நடுவில் கிரீடம், கிரீடத்துக்கு மேல் ஐந்து மூலை வைத்த ஒரு சின்ன மேடை. அடுக்கிப் பார்ப்பதற்கென்றே படைத்தது மாதிரி இருந்தது. சாலையோரத்தில் நான் அதைப் பறிப்பதைப் பார்த்து பைக்கை நிறுத்திய ஒருவர், "பிள்ளையாருக்கா பாய்?" என்று கேட்டார். என்ன பதில் சொன்னாலும் நீளும் என்பதால் தலையை ஆட்டினேன். "நல்லது, நல்லது," என்று மனம் குளிர்ந்து போனார்.

வீட்டில், மாடி அறையில் மேஜை போட்டேன். ஜன்னலைச் சாத்தினேன். மின்விசிறியை நிறுத்தினேன். பூவைக் கிளிப்பில் மாட்டி, கேமராவைக் கைபடாமல் படமெடுக்க வைத்து, முதல் அடுக்கை எடுத்துக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தேன். வந்த படத்தில் ஒவ்வொரு இதழுக்கும் இரண்டு விளிம்பு இருந்தது. கிரீடம் குளிர்காய்ச்சல் வந்ததுபோல் நடுங்கியது. மறுபடி எடுத்தேன். அதே நடுக்கம். மேஜைமேல் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துப் பார்த்தேன். தண்ணீரின்மேல் வட்டம் வட்டமாக அலை ஓடிக்கொண்டிருந்தது.

பக்கத்து வீடு தறிக்கூடம். பவர்லூம். காலையில் ஆரம்பித்தால் இரவு சாப்பாடு வரைக்கும் சடக் சடக்கென்று ஓடும். அருப்புக்கோட்டைப் பக்கம் பிறந்தவனுக்கு அது சத்தமே இல்லை. நின்றால்தான் காது அடைத்ததுபோல் இருக்கும். அந்தச் சத்தம் சுவர் வழியாக, தளம் வழியாக, மேஜைக்கால் வழியாக எருக்கம்பூவுக்குள் வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

தறிக்காரர் என்னைவிட மூத்தவர். நான் அண்ணாச்சி என்பேன். அவர் என்னை பாய் என்பார். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு நாளும் ஒரு வார்த்தை தடித்ததில்லை. நான் போய் வாசலில் நின்றேன்.

"அண்ணாச்சி, ஒரு மணி நேரம் தறிய நிப்பாட்ட முடியுமா?"

"ஏன் பாய், வீட்ல யாருக்கும் மேலுக்கு முடியலையா?"

"அதெல்லாம் இல்ல. ஒரு பூவப் படம் எடுக்கணும். தறி ஓடுனா பூ ஆடுது."

அவர் தறிச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்து என்னை வெளியே கூட்டிக்கொண்டு வந்தார். மறுபடி சொன்னேன்.

"என்ன பூவு?"

"எருக்கம்பூ."

அவர் உள்ளே ஓடும் தறிகளைத் திரும்பிப் பார்த்தார். "தீவாளி ஆர்டரு கழுத்த நெரிக்கி பாய்," என்றார் கடைசியில். "எருக்கு எங்கயும் ஓடிப் போயிறாது. வருஷம் பூரா பூக்கும்."

சொன்னதில் தப்பில்லை. ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது. அந்த வாரம் முழுக்க அவரைப் பார்த்தால் செருப்பைக் குனிந்து சரிசெய்துகொண்டு போனேன். இந்தச் சேலையெல்லாம் யார் கட்டுகிறார்கள் என்று மனைவியிடம் கேட்டேன். "நாந்தான்," என்றாள்.

வழி பேப்பரில் வந்தது. பராமரிப்புப் பணிக்காக எங்கள் பகுதியில் காலை முதல் மாலை வரை மின்சாரம் நிறுத்தப்படும் என்று ஒரு அறிவிப்பு. தெருவே முனகியது. தறிக்காரர்கள் திட்டினார்கள், மாவு மில்காரர் திட்டினார், மனைவி மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்பப் போனாள். அந்தச் செய்தியை இரண்டாம் முறை ஆசையாகப் படித்தவன் ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அன்று காலையிலேயே போய்ப் புதுப் பூக் கொத்தாகப் பறித்து வந்தேன். மின்சாரம் போனது. தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. டம்ளர்த் தண்ணீர் கண்ணாடி மாதிரி ஆனது. அறையில் ஜன்னல் வெளிச்சம் போதுமானதாக இருந்தது. அடைத்த ஜன்னல், ஓடாத மின்விசிறி, வியர்வை கொட்டியது. காம்பை நறுக்கி, பூவைத் திருப்பி, கிளிப்பில் மாட்டி, மறுபடி எடுத்து நறுக்கி மாட்டினேன். நெற்றி வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. கையால் துடைத்தேன்.

சுரீர் என்றது. கையில் எருக்கம்பால் இருந்ததை அப்போதுதான் பார்த்தேன். ஓடிப்போய்க் கண்ணைக் கழுவினேன். கொஞ்ச நேரத்தில் எரிச்சல் அடங்கிவிட்டது. மின்சாரம் வருவதற்குள் முடிக்க வேண்டுமே என்ற பதற்றத்தில் நான் அதை அப்படியே மறந்துபோனேன்.

தறி நின்றதால் வேலையில்லாமல் அண்ணாச்சி மாடி ஏறி வந்தார். "எங்க பாய் அந்த எருக்கம்பூவு?" என்றார். பழைய கோபத்தைக் காட்டுவதற்கு நேரமில்லாததால் நாற்காலியைக் காட்டி, மூச்சுகூடப் பலமாக விடக்கூடாது என்றேன். அவர் பாவம், வாயைத் துண்டால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நல்லபடியாக ஒரு முழு அடுக்கு எடுத்து முடித்தேன்.

மறுநாள் காலை அதைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தேன். வந்த படம் முழுக்கப் பனி மூட்டம். ஒரு விளிம்புகூடத் தெளிவாக இல்லை. லென்ஸைத் துடைத்தேன். தனித்தனிப் படங்களைப் பார்த்தேன், எல்லாம் மூட்டம். லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்திருக்க வேண்டும் என்று மதுரையில் கேமரா ரிப்பேர் பார்ப்பவருக்குப் போன் செய்தேன். அவர் கொண்டுவரச் சொன்னார். பிலிப்பைன்ஸ்காரனைத் திட்டினேன். அண்ணாச்சி மூச்சை அடக்காமல் விட்டிருப்பார் என்றுகூட ஒரு யோசனை ஓடியது. கம்ப்யூட்டர் திரை பழசாகிவிட்டது, அதையும் மாற்ற வேண்டும் என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவள் திரைக்குப் பக்கத்தில் வந்து குனிந்தாள். வெகுநேரம் பார்த்தாள். "யம்மா, அந்தக் காம்புல இருக்க முடிகூட ஒண்ணொண்ணாத் தெரியுதே," என்றாள். "இதுல என்ன கொற?"

"மூட்டமா இல்ல?"

"எங்க மூட்டம்?" என்று என் பக்கம் திரும்பியவள், என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பதறினாள். "கண்ணு என்னங்க இப்படிச் செவந்து கெடக்கு? எடது கண்ணத் தொறந்து பாருங்க முதல்ல!"

எதையும் கவனமாகப் பார்க்கும்போது இடது கண்ணை மூடிக்கொள்வது எனக்கு சவூதிப் பழக்கம். அதைத் திறந்து, வலதை மூடினேன். திரையில் எருக்கம்பூ பளிச்சென்று நின்றது. இடதை மூடி வலதைத் திறந்தேன். மூட்டம். ஜன்னலைப் பார்த்தேன், தெருவைப் பார்த்தேன், மனைவியைப் பார்த்தேன். வலிகூட இல்லை. வெளிச்சம் மட்டும் கூசியது. இத்தனை வருஷம் குடும்பத்தைச் சுமந்த கண் அது. மேஜையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

மனைவி ஜன்னல் வழியாகத் தறிக்கூடத்தைப் பார்த்துக் கத்தினாள். சத்தத்தில் கேட்கவில்லை. இறங்கி ஓடினாள். சற்று நேரத்தில் தறிகள் எல்லாம் நின்றன. அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டியபடி வந்து, "கார எடுக்கேன், மதுரைக்குப் போயிருவோம்," என்றார். தீபாவளி ஆர்டரைப் பற்றி வழியில் அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

மதுரையில் கண் டாக்டர் சின்ன வயசுப் பெண். தாடையைத் தூக்கி ஒரு கருவியின்மேல் வைக்கச் சொன்னார். நெற்றியைப் பட்டையில் ஒட்டச் சொன்னார். ஒரு கீற்று வெளிச்சத்தைக் கண்ணில் அடித்து, கையிலிருந்த பிடியால் கருவியை இம்மி இம்மியாக முன்னே தள்ளினார், பின்னே இழுத்தார்.

"என்ன டாக்டர் பண்றீங்க?"

"கண்ணோட முன்பகுதியை ஒவ்வொரு அடுக்கா பார்க்கிறேன். ஒரே நேரத்துல எல்லாம் தெளிவா தெரியாது. பேசாதீங்க. ஆடாதீங்க."

நான் ஆடாமல் இருந்தேன். அது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"எருக்கம்பால் பட்டிருக்கா?" என்றார், கருவியிலிருந்து கண்ணை எடுக்காமலே. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "வலிக்காது, ஆனா உள்ளே வீங்கி மங்கலாக்கிடும். பிள்ளையார் சதுர்த்தி சமயத்துல பூ பறிச்சவங்க இப்படி வருவாங்க." அட்டையில் என் பெயரை இன்னொரு முறை பார்த்தார். "நீங்க எதுக்கு பறிச்சீங்க?"

போட்டோ எடுக்க என்று நான் ஆரம்பிப்பதற்குள், பின்னால் நின்றிருந்த அண்ணாச்சி முந்திக்கொண்டார். "பாய் எங்களுக்காகத்தான் பறிச்சாரு டாக்டரம்மா." மரியாதைக்குரிய காரணம் ஒன்றாவது இருக்கட்டும் என்று நினைத்திருப்பார். என் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று டாக்டர் நினைத்து, பயப்பட வேண்டாம், சொட்டு மருந்திலேயே சரியாகிவிடும் என்று அவளைத் தேற்றினார்.

சொட்டு மருந்து, கறுப்புக் கண்ணாடி, வெயிலில் போகக்கூடாது, கேமராவைத் தொடக்கூடாது. நான் மறுபடி வீட்டில் உட்கார்ந்தேன். மனைவி மணி பார்த்துச் சொட்டு விட்டாள். கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து சமையலறையில் ஒன்றும் சரியாகத் தெரியாததால், நானும் எதையும் சொல்லவில்லை. இப்படியே இருந்தால்கூட நல்லாத்தான் இருக்கும் என்று அவள் ஒரு நாள் சொன்னாள். உடனே, கண்ணு நல்லாகணும் யா அல்லாஹ் என்றும் சொல்லிக்கொண்டாள். மெல்ல மெல்ல மூட்டம் கலைந்தது. ஒரு காலையில் எழுந்து சுவரைப் பார்த்தேன், விரிசல் தெரிந்தது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

கம்ப்யூட்டரைத் திறந்து வலது கண்ணால் அந்தப் படத்தைப் பார்த்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், நன்றாக இருந்தது. இதழின் ஊதா, கிரீடத்தின் மடிப்பு, கீழே காம்பின் பஞ்சுமுடி வரைக்கும் ஒரு இடம் மங்கல் இல்லை. குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டேன். முதலில் துபாயிலிருந்து என் மைத்துனர் பதில் அனுப்பினார்: "மச்சான், ஏஐல போட்டதுதான இது? என்ன எழுதிக் குடுத்தீக?" அடுத்து சென்னையிலிருந்து என் மகன்: "அத்தா, பூ இப்படி இருக்காது. நிஜப் பூவுல கொஞ்சம் மங்கல் இருக்கும்."

ஒரு கண்ணையே பணயம் வைத்து எடுத்த படம் இது என்று எழுதினேன். மைத்துனர் சிரிப்புப் பொம்மை அனுப்பினார். ஆத்திரத்தில், அடுக்கில் இருந்த தனித்தனிப் படங்கள் அத்தனையையும் வரிசையாக அனுப்பித் தள்ளினேன். குழுவிலிருந்து இரண்டு பேர் வெளியேறினார்கள்.

அண்ணாச்சியையும் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் முழுப் படத்தைப் பார்த்து, நல்லா இருக்கு என்று பொதுவாகச் சொன்னார். துணிக்கடை பொம்மைக்குச் சொல்வது மாதிரி இருந்தது. பிறகு தனிப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தவர் ஒன்றில் நின்றார். கிரீடத்தின் ஒரு நுனி மட்டும் தெளிவு. மற்றதெல்லாம் ஊதாப் புகை.

"இது நல்லாருக்கு பாய். இத எனக்கு பிரிண்டு போட்டுத் தாங்க."

"அண்ணாச்சி, இது பாதிதான். வேல முடியாத படம். மங்கலா இருக்கே."

"இருக்கட்டும். இதப் பாத்தாத்தான் பூவு மாதிரி இருக்கு. அதப் பாத்தா எனக்கு ஏதோ பாடம் நடத்துற மாதிரி இருக்கு."

மதுரைக்குக் கார் ஓட்டியவரிடம் எப்படி வாதாடுவது? போட்டுக் கொடுத்தேன். கண்ணாடிச் சட்டம் போட்டு, வியாபாரிகள் வந்து உட்காரும் முன்னறையில் மாட்டிவிட்டார்.

போன வாரம் நான் அங்கே இருந்தபோது சேலை எடுக்க வந்த ஒரு வெளியூர் வியாபாரி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அழகா இருக்கே, எந்த ஊருப் பூவு?" என்றார்.

"பாய் சவூதில எடுத்தது," என்றார் அண்ணாச்சி, கண்ணிமைக்காமல்.

"இல்லைங்க," என்று நான் இடைமறித்தேன். "எருக்கம்பூ. இந்த ரோட்டு முக்குல பூத்தது."

வியாபாரி என்னைப் பார்த்துச் சிரித்தார். பாய் நல்லா தமாஷ் பேசுவாரு போல என்று அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டு, சேலைகளைப் பிரிக்கச் சொன்னார்.